கடைசி 20 நிமிடம்

போன சீசனில் எங்கள் பிள்ளைகள் 5 ஆட்டம் ஆடினார்கள். 4 தோல்வி, ஒரு டிரா. போட்ட கோல் 2, வாங்கிய கோல் 14. கடைசி ஆட்டம் 0-4. அது முடிந்து நாகமலைப் பக்கமிருந்து கல்லூரி வேனில் திரும்பும்போது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வழக்கமாகக் காளவாசல் வருவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிடும். வேன் ஓட்டும் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், மனசு கேட்காமல் ஒரு டீக்கடையில் நிறுத்திப் பிள்ளைகளுக்கு வடை வாங்கிக் கொடுத்தார். பாதிப் பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். பிள்ளைகளுக்கு 'பி.டி. மேம்', அவர்கள் அப்பா அம்மாவுக்கு 'டீச்சர்'. எங்கள் கல்லூரியில் கபடி, வாலிபால், த்ரோபால் எல்லாம் நான் வருவதற்கு முன்பிருந்தே உண்டு. கால்பந்து மட்டும் 2019-இல்தான் வந்தது. அந்த மே மாதம் நம் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்தார்கள். அடுத்த மாதம் கல்லூரி திறந்ததும் முதலாமாண்டுப் பிள்ளைகள் நான்கு பேர் என் அறை வாசலில் வந்து நின்று, "மேம், நம்ம காலேஜ்ல ஃபுட்பால் டீம் இல்லையா?" என்று கேட்டார்கள். அப்படி ஆரம்பித்த அணி இது. அதனால் இந்தத் தோல்வி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

பிள்ளைகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரை வைத்துச் சொல்கிறேன்.

தோற்ற பிறகு ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வெளி மாவட்டத்திலிருந்து நல்ல ஆட்டக்காரிகளாக நாலு பேரைச் சேர்த்துவிட்டால் அணி எழுந்துவிடும் என்றார் ஒருவர். இன்னொருவர், கால்பந்தை விட்டுவிட்டு அந்தச் செலவைக் கபடிக்குக் கொடுக்கலாமே, நம் பக்கத்துப் பெண்களுக்குக் கபடிதானே வரும் என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை இப்போதும் அப்படியே சொல்வேன். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆனவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் ஆனார்கள். நம் பெண்களுக்குக் கால்பந்து வராது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. எங்கள் அணிக்கு வரவில்லை என்றால் குறை எங்களிடம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.

தெரியாமல் ஒரு தவறும் செய்தேன். ஒவ்வொரு தோல்விக்கு மறுநாளும் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டேன். ஸ்டாமினா போதவில்லை என்பது என் எண்ணம். பத்து ரவுண்டு, சில நாள் பதினைந்து. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குறை எங்கே என்று காட்டியது ஒரு நோட்டு.

சோழவந்தான் பிள்ளை எங்கள் லெஃப்ட் விங், இடது ஓரமாக முன்னேறி ஆடுகிறவள். இரண்டாவது ஆட்டத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, ஓடி வந்து திரும்பினாள். முட்டி மட்டும் திரும்பவில்லை. ஸ்கேனில் முன் ஜவ்வு கிழிந்திருந்தது. பெண் ஆட்டக்காரிகளுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது, அதுவும் பெரும்பாலும் இப்படி யாரும் இடிக்காமலே வருகிறது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு, அதுவரை கட்டுப் போட்ட காலோடு ஆட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சும்மா உட்கார்ந்தால் அழுதுவிடுவாளோ என்று ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்து, "கோல் விழுந்தா எந்த நிமிஷம்னு மட்டும் குறிச்சு வைம்மா" என்றேன். அதற்கு முந்தைய ஆட்டங்களையும் செல்போன் வீடியோ பார்த்து அவளே நிரப்பிவிட்டாள்.

டிசம்பரில் மழை விட்ட ஒரு மதியம் அந்த நோட்டைப் புரட்டினேன். எங்கள் போட்டிகளில் ஒரு பாதிக்கு 35 நிமிடம், மொத்தம் 70. அவள் பக்கத்துக்கு நடுவே ஸ்கேல் வைத்து, 50-ஆவது நிமிடத்துக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்கு மேலே 5 கோல், கீழே 9. டிராவான ஆட்டத்தில் 63-ஆவது நிமிடம் வரை நாங்கள்தான் முன்னே இருந்திருக்கிறோம். அது எனக்கு மறந்தே போயிருந்தது. 0-4 என்று தோற்ற ஆட்டத்திலும் 50 நிமிடம் வரை 0-2தான். நோட்டின் ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. "ஸ்டாப்பர் இடுப்புல கை." "ரைட் பேக் நடக்குறா." "தண்ணி கேட்டா, 52." "ஸ்டாப்பர் மறுபடியும் இடுப்புல கை."

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மேம், நமக்கு ஆடத் தெரியாம தோக்கல. மூச்சு முடிஞ்சுதான் தோக்குறோம்" என்றாள்.

அப்போதும் நான் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. மூச்சு முடிகிறதா, சரி, இன்னும் ஓட விடுவோம் என்றுதான் ஜனவரியில் திரும்ப ரவுண்டு ஆரம்பித்தேன். மூன்றாவது நாள் காலை, நான்காவது சுற்றில், செக்கானூரணிப் பிள்ளை வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவள், அவள்தான். நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு. பார்த்தால் நோஞ்சான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் மருத்துவ அறை நர்ஸ் அக்கா வந்தார். நாடி பார்த்தார். அப்புறம் அவளுடைய கீழ் இமையை விரலால் மெல்லக் கீழே இழுத்தார். "மேடம், இங்க பாருங்க" என்றார். உள்பக்கம் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய இடம். பழைய காகிதம்போல வெளுத்திருந்தது. நகத்தை அழுத்திக் காட்டினார். அதிலும் சிவப்பு இல்லை.

அந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி 18 பேருக்கும் ரத்தம் பார்க்க ஏற்பாடு செய்தோம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. எங்களில் 13 பேர் 12-க்குக் கீழே. இரண்டு பேர் 9-க்கும் கீழே. அந்தச் சீட்டுகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தசைக்கு ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போவது ஹீமோகுளோபின். அது குறைந்த உடம்பு முதல் பாதியில் எப்படியோ ஈடுகொடுத்துவிடும். ஆட்டம் நீள நீளக் கால் எழும்பாது. இந்தப் பிள்ளைகளைத்தான் நான் தண்டனை என்று ஓட விட்டிருக்கிறேன். மறுநாள் பயிற்சிக்கு வந்ததும் அவர்களிடம் அதைச் சொன்னேன். "தப்பு என் மேல. மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன். செக்கானூரணிப் பிள்ளைதான் முதலில், "விடுங்க மேம், எங்களுக்கே தெரியாதுல்ல" என்றாள்.

தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக அரசின் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். என் அணியின் மேல் பொருத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன். காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் வெளியூரிலிருந்து வந்து போகும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பதில் ஒன்றுதான்: டீ. ஆறே முக்காலுக்குப் பஸ், அதற்குள் சமையல் ஆகாது, ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும். மதியம் டப்பாவில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், கூட உருளைக்கிழங்கு. சாப்பிட்ட கையோடு கேன்டீனில் மறுபடி டீ. சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பது அவர்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுத்த நீல மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறார்கள். இரண்டு பேர் தயங்கித் தயங்கி, மாதவிலக்கில் ஏழு எட்டு நாள் வரை போகிறது என்றார்கள். வீட்டில்கூடச் சொன்னதில்லையாம். அவர்களை உடனே பெண் மருத்துவரிடம் அனுப்பினோம். அவர்கள்தான் 9-க்குக் கீழே இருந்த இரண்டு பேரும்.

மாத்திரை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். டீயோடு போடக் கூடாது, எலுமிச்சை ஜூஸோடு போட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. இதை நர்ஸ் அக்கா நான்கு தடவையாவது சொல்லியிருப்பார். விடுதியில் வார்டன் மேடம் வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, தினமும் மாலை சுண்டலோ அவித்த கடலையோ தருவதாக ஒத்துக்கொண்டார். தினமும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் வீட்டிலிருந்து கேப்பைக்கூழ் கொண்டு வந்தேன். மேலூர்ப் பிள்ளையின் அப்பா ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு அவரே போன் செய்தார். "டீச்சர், ஞாயித்துக்கிழம விடிஞ்சா ஈரலு, சுவரொட்டியெல்லாம் நிக்காது. அதனால சனிக்கிழம சாயங்காலமே ஒங்க பிள்ளைகளுக்குன்னு எடுத்து வச்சிர்றேன். காசப் பத்திப் பேசாதீங்க" என்றார். காசு கொடுத்துத்தான் வாங்கினோம். ஆனால் அவர் நிறுத்த எடையைவிட எப்போதும் ஒரு கை கூடத்தான் இருந்தது. மதுரையில் பிள்ளை பெற்றவளுக்கும் ரத்தம் குறைந்தவருக்கும் சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, சுட்டுக் கொடுப்பது வழக்கம்தான். அணிக்கே கொடுத்தது இதுதான் முதல் முறை.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். புது ரத்தம் ஊறக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்படியென்றால் ஏப்ரல் வரை ரவுண்டு கிடையாது. அதுவரை என்ன செய்வது?

இதற்கு வழி காட்டியது பஸ். விடுதிப் பிள்ளைகள் 8 பேர், அவர்களுக்குக் காலை 5.45 ஒத்து வரும். வந்து போகும் பிள்ளைகள் 10 பேர், அவர்கள் காலையில் வர முடியாது. மாலையிலும் அவரவர் ஊர்ப் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்து வருவது காசு கொடுக்கும் பஸ், அதற்குத் தினமும் வீட்டில் கேட்க முடியாது. இத்தனை வருடமும் இதை ஒரு தொல்லையாகவே நினைத்தேன். 18 பேரும் ஒன்றாகச் சேராமல் என்ன பயிற்சி என்று வந்து போகும் பிள்ளைகளைத் திட்டியும் இருக்கிறேன். இந்தத் தடவை அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். காலையில் விடுதிப் பிள்ளைகள் நாலுக்கு நாலு. மதிய இடைவேளைக்குப் பின் ஒரு மணி நேரம் முதல்வரிடம் கேட்டு வாங்கி, மற்றவர்கள் ஐந்துக்கு ஐந்து. சனிக்கிழமை மட்டும் எல்லோரும். சின்னக் கட்டம், நாலு செருப்புதான் கோல் போஸ்ட். இரண்டு நிமிட ஆட்டம், ஒரு நிமிட ஓய்வு.

பெரிய மைதானத்தில் பதினோரு பேரில் ஒருத்திக்குப் பந்து எப்போதாவதுதான் கிடைக்கும். கிடைத்தாலும் பயத்தில் ஓங்கி உதைத்துவிடுவாள். எங்கள் போன வருட ஆட்டமே அதுதான். பந்தை முன்னால் உதைப்பது, பின்னாலேயே ஓடுவது, அது எதிரணிக்குப் போவது, திரும்பி ஓடி வருவது. ரத்தம் குறைந்த பிள்ளைகளுக்கு இதைவிடக் கெட்ட ஆட்டம் கிடையாது. நாலுக்கு நாலில் பத்து விநாடிக்கு ஒருமுறை பந்து காலுக்கு வந்துவிடும். ஓங்கி உதைக்க இடமே இல்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மார்ச்சில் உசிலம்பட்டிப் பிள்ளை முதல் முறையாகப் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, அங்கிட்டு இங்கிட்டுப் பார்த்து, பின்னால் நின்றவளுக்குத் தட்டிவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் கபடியிலிருந்து வந்தவள். எதிரி ஆளின் கண்ணைப் பார்க்க மாட்டாள், இடுப்பைத்தான் பார்ப்பாள். ரைட் பேக்குக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

இனி கீப்பர் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

எங்கள் பழைய கீப்பர் மூன்றாம் ஆண்டு முடித்துப் போகிறவள். 14 கோல் வாங்கிய இடத்தில் போய் நிற்க யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு மாலை த்ரோபால் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிப்பட்டிப் பிள்ளை ஒருத்தி, இரண்டாம் ஆண்டு. மற்றவர்கள் பிடிக்கும்போது பந்து உள்ளங்கையில் அறைகிற சத்தம் கேட்கும். இவள் பிடித்தால் சத்தமே வரவில்லை. பந்து வருவதற்கு முன்பே இரண்டு கையும் முன்னால் நீண்டுவிடும். பந்து தொட்டதும் முழங்கை மடிந்து நெஞ்சோடு வாங்கிக்கொள்வாள், தொட்டிலிலிருந்து குழந்தையை எடுக்கிறதுபோல. ஐந்தடி ஆறு அங்குலம் இருப்பாள். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டேன்.

"கீப்பரா நிக்கிறியாம்மா?"

"எனக்கு விழத் தெரியாது மேம்."

உதைக்கத் தெரியாது என்று சொல்லவில்லை, பயமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. எது தெரியாதோ அதைச் சரியாகச் சொன்னாள். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எங்கள் மைதானம் செம்மண்ணும் சரளையும். அதில் விழுந்து பழகச் சொன்னால் தோல் உரிந்துவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் விழ மாட்டாள். ஆகவே நீளம் தாண்டும் மணல் குழிக்குக் கூட்டிப் போனேன். காலையில் வாட்ச்மேன் அய்யா அதில் கல் பொறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து வைப்பார். முதல் வாரம் முழங்கால் போட்டு நிற்க, நான் பந்தை மெதுவாகப் பக்கவாட்டில் உருட்டுவேன். முழங்கையை ஊன்றாமல், தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையில் இறங்க வேண்டும். இரண்டாவது வாரம் குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து. நாலாவது வாரம்தான் நின்றுகொண்டு. ஒவ்வொரு நாளும் காதுக்குள் மணலோடு வகுப்புக்குப் போவாள். விலங்கியல் மேடம் ஒருநாள் என்னிடம், "உங்க பிள்ளை உட்கார்ந்து போன பெஞ்சுல ஒரு பிடி மண்ணு இருக்கு" என்றார்.

அடுத்தது கோல் போஸ்ட். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அவ்வளவு பெரிய வாசலை ஒருத்தி எப்படி அடைப்பது என்று அவளுக்கு மலைப்பு. விடுதியிலிருந்து துணி காயப்போடும் கொடிக்கயிறு வாங்கி வந்தேன். ஒரு முனையை இடது கம்பத்திலும் மறு முனையை வலது கம்பத்திலும் கட்டி, நடுக்கயிற்றைப் பந்து இருக்கும் இடத்தில் காலால் மிதித்துக்கொண்டேன். இப்போது அவள் முக்கோணத்துக்குள் நிற்கிறாள். கோட்டிலேயே நின்றால் இரண்டு பக்கமும் கயிறு எட்டாத தூரத்தில் இருக்கும். "ரெண்டடி முன்னால வா" என்றேன். வந்தாள். "இன்னும் ரெண்டடி." கையை விரித்தாள், இரண்டு விரல் நுனியும் கிட்டத்தட்டக் கயிற்றைத் தொட்டன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கையை இறக்காமலே தலையைத் திருப்பிப் பின்னால் கோலைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். "மேம், கோலு சின்னதாயிருச்சு" என்றாள். அன்றைக்கு அந்தக் கயிற்றை அவிழ்க்கவே விடவில்லை. இருட்டும் வரை பந்தை வெவ்வேறு இடத்தில் வைத்து மிதிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி முன்னால் வர வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

த்ரோபாலிலிருந்து அவள் கொண்டு வந்த இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் இப்போதைய விதிப்படி எதிரணிக்குக் கார்னர். த்ரோபாலில் 3 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் அவள் உடம்பிலேயே ஊறிக் கிடக்கிறது. பிடித்த மறு விநாடி கண் ஆளைத் தேடும், தோளுக்கு மேலிருந்து பந்து நேராக உசிலம்பட்டிக்காரியின் காலுக்குப் போய்விடும். ஓங்கி உதைத்துப் பாதிப் பந்தை எதிரணிக்குத் தானம் செய்கிற வேலையே போய்விட்டது.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோழவந்தான் பிள்ளைக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக் கூடாது என்று ஃபிஃபாவின் 11+ வார்ம் அப்பைப் பிடித்துக்கொண்டோம். 15 பயிற்சி, 20 நிமிடம். பந்தைத் தவிரப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் முக்கியம், அதற்கு ஜோடி ஜோடியாக ஒருத்தி முட்டியை இன்னொருத்தி பார்த்துக் குறை சொல்வாள். சித்திரைத் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், அதைத் தடுக்க என்னால் ஆகாது, தடுக்க நினைக்கவும் இல்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை வைத்தோம். 13 பேரில் 9 பேர் 12-ஐத் தாண்டியிருந்தார்கள். செக்கானூரணிப் பிள்ளை 8.6-இலிருந்து 11.4. சீட்டை நாலாக மடித்து செல்போன் உறைக்குள் வைத்துக்கொண்டாள். ஜூனில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரே ஒரு பிள்ளையைச் சேர்த்தோம், நடு மைதானத்துக்கு. அவளுக்கும் முதல் நாளே இமையை இழுத்துப் பார்த்தார் நர்ஸ் அக்கா.

போன சனிக்கிழமை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டம். எதிரணி, எங்களை 4-0 என்று அடித்த அதே கல்லூரி. சோழவந்தான் பிள்ளைக்கு ஆபரேஷன் முடிந்து பத்து மாதம் ஆகிறது. ஆட்டத்துக்கு இன்னும் டாக்டர் விடவில்லை, வார்ம் அப் மட்டும் செய்யலாம் என்றிருக்கிறார். நோட்டையும் பேனாவையும் முதலாமாண்டுப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்து, 50-இல் சிவப்புக் கோடு போடு, ஓரத்தில் பென்சிலில் எழுது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஷூவைக் கட்டிக்கொண்டு போனாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் ஜெர்சியோடு மைதானத்தைக் குறுக்கே ஓடுவதைப் பார்த்தேன். மெதுவான ஓட்டம்தான். திரும்பும் இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்துத் திரும்பினாள்.

ஆட்டத்தில் 0-1 என்று தோற்றோம். 18-ஆவது நிமிடம், கார்னரிலிருந்து தலையால் முட்டிய பந்து. வாடிப்பட்டிப் பிள்ளை முன்னால் வருவதா நிற்பதா என்று ஒரு நொடி தயங்கிவிட்டாள். அவள் சொன்னதுதான் இது, நான் சொல்லவில்லை. 55-ஆவது நிமிடத்தில் செக்கானூரணிப் பிள்ளையின் கையைப் பார்த்தேன். இடுப்பில் இல்லை. நீட்டி, ரைட் பேக்கை மேலே போ என்று காட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஐந்து நிமிடம் பந்து எதிரணிப் பக்கமே கிடந்தது, ஒருமுறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விசில் அடித்ததும் எதிரணி மேடம் வந்து, "பிள்ளைகளுக்கு என்ன கொடுக்குறீங்க?" என்று கேட்டார். முருங்கைக்கீரையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அணிப் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லி, சுகாதார நிலையத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

வேனில் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு வரி. கீழே கோல் எதுவும் இல்லை. ஓரத்தில் மட்டும், அந்தச் சின்னப் பிள்ளையின் கோணல் எழுத்தில், "58, யாரும் தண்ணி கேக்கல" என்று இருந்தது.

காளவாசல் வருவதற்குள் பின் சீட்டில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வாடிப்பட்டிப் பிள்ளை மட்டும் பாடாமல் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேம், குழியில மணல் கொறஞ்சு போச்சு. கார்னருக்கு முன்னால வந்து விழுந்து பழகணும்னா இன்னும் ஒரு லோடு வேணும்."

திங்கட்கிழமை முதல்வரைப் பார்க்க வேண்டும்.